மாத்திரைக்கு 97 மார்க், நமக்கு 81

டிசம்பர் 1 வந்தால் நம்ம காலேஜில் என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆர்.ஆர்.சி. பசங்க சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திவிடுவார்கள். ரங்கோலி, போஸ்டர், கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை மனிதச் சங்கிலி, ஒரு உறுதிமொழி, நேரம் இருந்தால் ஒரு குவிஸ். ஓ.டி. உண்டு என்றால் கூட்டம் கொஞ்சம் கூடும். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விஷயம் தெரிந்த பிறகும் ஆள் ஏன் வருவதில்லை, வந்தவர் ஏன் நின்றுவிடுகிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மூன்று எண்களில் தொடங்கலாம்: 81, 88, 97.

2023-24 கணக்குப்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அவர்களில் தங்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்தவர்கள் 81 சதவீதம். தெரிந்தவர்களில் மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் 88 சதவீதம். மருந்து எடுப்பவர்களில் வைரஸ் கட்டுக்குள் வந்தவர்கள் 97 சதவீதம்.

நமக்குப் பழக்கமான கணக்குதான். மூன்று பாகங்கள் சீரிஸில் இருந்தால் மொத்த ரிலையபிலிட்டி மூன்றின் பெருக்கல். 0.81 × 0.88 × 0.97 = 0.69. நூறு பேரில் 69 பேர்தான் கடைசிப் படிவரை வந்து சேர்கிறார்கள். இன்னும் பிரமாதமான மருந்து கண்டுபிடித்து 97ஐ 100 ஆக்கினாலும் மொத்தம் 71ஐத் தொடும், அவ்வளவுதான். மருந்தில் கை வைக்காமல், 81ஐ மட்டும் 95 ஆக்கிப் பாருங்கள்: மொத்தம் 81 ஆகிவிடும். (ஐ.நா. வைத்திருக்கும் இலக்கு மூன்றுமே 95. அப்போது மொத்தம் 86 வரும்.)

97 என்பது வேதியியலும் மருந்துத் தொழிலும் வாங்கிக்கொடுத்த மார்க். 81-உம் 88-உம் வேறு கணக்கு. ஆட்கள் பயப்படுவது, மறைப்பது, பஸ் ஏறுவது, ஒருநாள் கூலியை விடுவது, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்வது எல்லாம் அந்த இரண்டு எண்களுக்குள்தான் இருக்கிறது. அதை அளந்து பார்ப்பதற்கு என்றே ஒரு துறை இருக்கிறது. சமூக அறிவியல். "அது ஆர்ட்ஸ் குரூப் மேட்டர்டா" என்று நாம் ஓரம்கட்டுகிற அதே துறை.

மருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசின் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. 2017 முதல், எதிர்ப்பு சக்தி குறையும்வரை காத்திருக்காமல், தொற்று உறுதியானவுடனே மருந்து. இப்போது பெரும்பாலானோருக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு 9 நாடுகளில், ஒருவருக்குத் தொற்று இருந்து துணைக்கு இல்லாத 1,763 ஜோடிகளைப் பின்தொடர்ந்தது. சென்னையும் அதில் ஒரு மையம். 2011ல் முடிவு வந்தபோது, துணையிடமிருந்து தொற்றியது என்று உறுதியானவை 28. அதில் 27, மருந்தைத் தாமதமாகத் தொடங்கிய பிரிவில்; உடனே தொடங்கிய பிரிவில் ஒன்றே ஒன்று. பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் இறங்கி, அப்படியே தொடர்ந்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்பதைப் பிறகு வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. ஒருவர் விடாமல் மாத்திரை எடுப்பதே இன்னொருவருக்குத் தடுப்பு. இந்த ஒரு வரி நம்ம போஸ்டர்களில் ஏன் வருவதே இல்லை என்று எனக்குப் புரியவில்லை. மண்டை ஓடு மட்டும் தவறாமல் வருகிறது.

81: டெஸ்ட் எடுக்க என்ன பயம்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது தமிழ்நாட்டில்தான், 1986ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த வேலை அது. மயிலாப்பூர் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளை நிர்மலா எடுத்துக்கொண்டு வேலூர் சி.எம்.சி.க்குப் போனார், ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இதுவரை பலரும் படித்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தொற்று இருந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலேயே வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குப் போட்ட பிறகு, 1990ல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

இப்போது யோசியுங்கள். டெஸ்ட் எடுத்தால் பூட்டிவைப்பார்கள் என்ற செய்தி ஒரு ஊருக்குள் போனால், அடுத்த முறை டெஸ்ட்டுக்கு யார் வருவார்? நோயைத் தடுக்கச் செய்த காரியமே நோயை மறைய வைக்கிறது. நம்ம பாஷையில் இது பாசிட்டிவ் ஃபீட்பேக். பயம் ஆட்களை ஒளிய வைக்கும், ஒளிந்தால் தாமதமாகத்தான் தெரியும், தாமதமானால் ஆள் ஆஸ்பத்திரியில் இறந்துதான் ஊருக்கே தெரியும், அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும்.

இந்தப் பயத்தைப் பிரித்துப் பார்த்த ஒரு ஆய்வு 2008ல் வெளியானது. தென்னிந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களிடம் பேசி, அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. ஒதுக்கப்படுவதை அவர்கள் நாலு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, நேரடியாக நடப்பது: வீட்டைக் காலி செய்யச் சொல்வது, தனித் தட்டு. இரண்டு, வேறு யாருக்கோ அப்படி நடந்ததாகக் காதில் விழுவது. மூன்று, ஊர் இப்படித்தான் நினைக்கும் என்று நாமே போடும் கணக்கு. நாலு, "ஆமா, எனக்கு இது வேணும்தான்" என்று தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்வது. நேரடியாக அனுபவித்தவர்களைவிடக் கதை கேட்டவர்களே அதிகம். அந்தக் கதைகள் ஊர் பற்றிய கணக்கைக் கூட்டின; அந்தக் கணக்கு விஷயத்தை மறைப்பதோடும் மனச்சோர்வோடும் சேர்ந்து வந்தது.

எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. ஏனென்றால் கம்பம் பள்ளத்தாக்கில் கதை எப்படிப் பயணிக்கும்னு நமக்குத் தெரியும். உத்தமபாளையத்தில் காலையில் நடந்தது மதியத்துக்குள் சின்னமனூர் டீக்கடையில் இருக்கும். லேப்பில் வேலை பார்ப்பவர் யாரோ ஒருத்தருக்கு மச்சானாக இருப்பார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் நடந்த கொடுமை, இன்னைக்கு ஒருத்தரை டெஸ்ட் எடுக்க விடாமல் தடுக்க முடியும். அந்த வீடு இப்போது நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள் என்ற மிச்சக் கதை மட்டும் யாருக்கும் வந்து சேராது. அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? புதுத் தகவல் கொடுப்பதோடு, புதுக் கதைகள் காதில் விழும்படியும் செய்ய வேண்டும். எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களே சென்னையில் 1997ல் தொடங்கிய ஐ.என்.பி. பிளஸ், அடுத்த வருஷம் பெண்களுக்காகத் தொடங்கிய பி.டபிள்யூ.என். பிளஸ் போன்ற அமைப்புகள் செய்தது பெரும்பாலும் இதைத்தான். பி.டபிள்யூ.என். பிளஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான பி. கௌசல்யா நாமக்கல்காரர், பெயரை மறைக்காமல், முகத்தை மறைக்காமல் பேசியவர்.

பழைய விளம்பரம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புள்ளி ராஜா. நம்ம செட்டுக்குத் தெரியாது, அப்பா அம்மாவிடம் கேளுங்கள், சிரிப்பார்கள். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்கச் சுவரிலும் பேருந்திலும், புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்த விளம்பரம். ஊரே பேசியது, அந்த வகையில் பெரிய ஹிட். ஆனால் என் கருத்தில் அதற்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. எய்ட்ஸ் என்றால் "அந்த மாதிரி ஆளுக்கு" வருவது என்ற படம் மனதில் ஒட்டிக்கொண்டது. அந்த மாதிரி ஆள் யார்? நிச்சயமாக நான் இல்லை, என் வீட்டுக்காரர் இல்லை.

சென்னையில் சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பற்றி 2000ல் வெளியான ஒரு ஆய்வு இதற்கு நேர் எதிரான படத்தைக் காட்டியது. தொற்று இருந்தவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். வாழ்நாளில் ஒரே ஒருவரோடு மட்டும் உறவு வைத்திருந்தவர்கள், 10ல் 8 பேருக்கும் மேல். கல்யாணம் ஒன்றுதான் அவர்களுக்கு இருந்த ஆபத்து. "ஒருவனுக்கு ஒருத்தி" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் இந்தப் பெண்களுக்கு என்ன பயன்? அவர்கள் ஏற்கெனவே அப்படித்தானே இருந்தார்கள்.

இன்னொரு சிக்கல்: குடும்பத்தில் பல நேரம் முதலில் தெரிய வருவது மனைவிக்கு. கர்ப்ப காலத்தில் ரத்தப் பரிசோதனை நடக்கிறதே, அதனால். டெஸ்ட் ரொம்ப அவசியம். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் வீட்டில் ரிசல்ட் படிக்கப்படும் விதம் வேறு. யாருக்கு முதலில் தெரிந்ததோ அவரே கொண்டு வந்தவர் என்று ஆகிவிடும். "நீதான் எங்கிருந்தோ வாங்கிட்டு வந்த" என்று மாமியார் வீடு சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு எங்கே போவது? லேப் ரிப்போர்ட் ஒன்றுதான். அது வீட்டுக்குள் போகும் வரிசைதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. கணவன், மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசி, இருவருக்கும் ஒரே நாளில் டெஸ்ட் எடுக்கும் முறை இதனால்தான் முக்கியம்.

நம்ம பள்ளத்தாக்கு ஏன்?

2000களில், தமிழ்நாட்டில் பரவல் கூடுதலான இடங்கள் என்று பேசப்பட்டதில் நாமக்கல்லும் தேனியும் அடிபட்டன. நாமக்கல்லுக்கு எல்லாரும் உடனே லாரி என்பார்கள். தேனிக்கு?

வரைபடத்தைப் பாருங்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று கேரளாவுக்கு மூன்று ஏற்றங்கள். விடிவதற்கு முன்பே ஜீப்கள் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும், சாயங்காலம் இறங்கும். சிலர் தோட்டத்திலேயே தங்கி வாரக்கணக்கில் வேலை பார்ப்பார்கள். திராட்சை, வாழை, காய்கறி லாரிகள் ராத்திரியில் கிளம்பும். போடியில் ஏலக்காய் ஏலத்துக்கு வியாபாரிகள் வந்து போவார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம் வேறு. கம்பம்மெட்டு ஒன்வே ஆகிவிடும்.

"எங்க ஊரை அசிங்கப்படுத்துறியா?" என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ஆட்கள் நடமாடுவதால் வைரஸ் வருவதில்லை. வீட்டை விட்டுத் தங்குவது, கையில் ரொக்கம், கேட்க ஆள் இல்லாத தனிமை, ஆணுறையோ கிளினிக்கோ பக்கத்தில் இல்லாமை, இவை எல்லாம் சேரும் இடத்தில்தான் ஆபத்து கூடும். அதனால் சமூக ஆய்வாளர் "யார் ஆபத்தானவர்?" என்று கேட்பதைவிட, "எந்த நேரம், எந்த இடம், எந்த நிலைமை?" என்று கேட்பார். முதல் கேள்விக்கு விடையாக ஒரு சாதியோ, தொழிலோ, ஒரு தெருவோ கிடைக்கும். அதை வைத்து அவமானப்படுத்த மட்டும்தான் முடியும். இரண்டாவது கேள்விக்கு விடையாக ஒரு டைம்டேபிள் கிடைக்கும். அதை வைத்து வேலை செய்யலாம்.

நம்ம பள்ளத்தாக்குக்கு இன்னொரு விசேஷம், எல்லை. தூங்குவது தமிழ்நாட்டில், வேலை கேரளாவில். இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், தனித்தனி பட்டியல், தனித்தனி களப்பணியாளர்கள். காலை 9 மணிக்குக் கிராமத்துக்கு வரும் களப்பணியாளர் பார்ப்பது, ஜீப்பில் போகாத ஆட்களை. யாரைச் சந்திக்க வேண்டுமோ அவர் அப்போது வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருப்பார்.

கிராமங்களுக்கு என்று 2007க்குப் பிறகு இணைப்புப் பணியாளர் திட்டம் வந்தது. சில கிராமங்களைச் சேர்த்து, உள்ளூர்க்காரர்களையே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைப்பது. அரசுக்கு வெளியேயும் வேலை நடந்தது. ஆண்டிபட்டியில் தொழுநோய், காசநோய் வேலையில் வேர்விட்ட ஆரோக்ய அகம் பிறகு எச்.ஐ.வி.க்கும் வந்தது. தொழுநோய்க்காரர் வீட்டுக்குள் போய்ப் பழகியவர்களுக்கு ஒதுக்கல் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கத் தேவை இருந்திருக்காது.

கேட்டால் உண்மை சொல்வார்களா?

இங்கே ஒரு அடிப்படைப் பிரச்சனை. நமக்கு சென்சார் தப்பாகக் காட்டினால் கேலிபரேட் செய்வோம். மனிதரிடம் "ஆணுறை பயன்படுத்தினீர்களா?" என்று கேட்டால், கேட்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு நல்ல பதிலாகச் சொல்வார். ரேண்டம் எரர் என்றால் சாம்பிளைக் கூட்டிச் சமாளிக்கலாம். இது ஒரே பக்கமாகச் சாயும் பிழை. லட்சம் பேரைக் கேட்டாலும் போகாது.

கர்நாடகத்தில் இதற்கு ஒரு அழகான வழி பார்த்தார்கள். வாக்குச்சாவடி சர்வே. பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு அறையில், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி தடுப்பு வைத்து உட்கார வைப்பது. ஒருவர் சத்தமாகக் கேள்வி வாசிப்பார். ஆம், இல்லை, எனக்குப் பொருந்தாது என்று நிறம் நிறமாக மூன்று பெட்டிகள்; சீட்டை எதில் போட்டார் என்று யாருக்கும் தெரியாது, ஆய்வாளருக்கும் தெரியாது. நேருக்கு நேர் கேட்டதைவிட, வெளியே சொல்லத் தயங்கும் பதில்கள் இதில் கூடுதலாக வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கலந்துகொள்ளலாம். செலவு அட்டைப்பெட்டிக் காசுதான்.

நமக்கு உடனே தோன்றும்: எதுக்கு அட்டைப்பெட்டி, டேப்லெட் கொடுத்தால் போச்சே? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஹெட்போன் வழியே கேள்வி கேட்டுப் பதிலை அழுத்தும் முறை. புனேயில் இளைஞர்களிடம் நடத்தி 2005ல் வெளியான ஆய்வில், காலேஜ் பசங்களிடம் அது நன்றாக வேலை செய்தது. குடிசைப்பகுதி இளைஞர்களிடம் முடிவு கலவையாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் ஒருவருக்கு ரகசியம் காக்கும் பெட்டி, இன்னொருவருக்கு யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் கண். ஒரே கருவிதான், ஆள் மாறினால் ரீடிங் மாறுகிறது.

88: தெரிந்த பிறகும் ஏன் விடுபடுகிறார்கள்?

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கூடலூர்ப் பக்கம் ஒரு அக்கா, தோட்ட வேலை. கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் தள்ளி, மதுரை ரோட்டில் க.விலக்கில். ஓ.பி. நேரமும் தோட்ட நேரமும் ஒன்று. மருந்து இலவசம். ஆனால் அன்றைய கூலி போச்சு, பஸ், சாப்பாடு, "எங்கக்கா இவ்ளோ தூரம்?" என்று பஸ்ஸில் கேட்பவருக்கு ஒரு பொய், மறுநாள் கங்காணிக்கு இன்னொரு பொய். மாசாமாசம் புதுப் பொய் எங்கே போவது?

அப்படியானால் மையத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தால் தீர்ந்ததா? எம்.பி.ஏ.வில் சொல்லித்தரும் ஃபெசிலிட்டி லொகேஷன் கணக்கு அப்படித்தான் சொல்லும்: தூரத்தைக் குறை. ஆனால் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம், பலர் வேண்டுமென்றே தூரத்து மையத்துக்குப் போகிறார்கள். பக்கத்து மையத்து வரிசையில் தெரிந்த முகம் இருக்கும். இவர்களுக்குத் தூரம் என்பது செலவு மட்டும் கிடையாது, விலை கொடுத்து வாங்கும் ரகசியமும்கூட. ஆக ஒரே விடை இல்லை. பக்கத்தில் வேண்டும் என்பவருக்குப் பக்கத்தில், தூரத்தில் வேண்டும் என்பவருக்குத் தூரத்தில், வரவே நேரமில்லாதவருக்கு மூன்று மாத மருந்து கையில். பல மாத மருந்தை ஒன்றாகக் கொடுப்பது 2020 கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் பரவலானது. அதற்கு முன்பே நோயாளிகள் கேட்டுக்கொண்டிருந்த விஷயம்தான் அது.

அடுத்தது நம்ம ஏரியா. ஹேக்கத்தான் என்றால் உடனே மாத்திரை ரிமைண்டர் ஆப். எத்தனை பார்த்திருப்போம்! இதைச் சோதித்த பெரிய ஆய்வு தென்னிந்தியாவிலேயே நடந்தது. மூன்று மையங்கள், 631 பேர், சுமார் இரண்டு வருஷம். பாதிப் பேருக்கு வாரம் ஒரு தானியங்கி போன் அழைப்பு, வாரம் ஒரு படச் செய்தி. போனை வேறு யார் எடுத்தாலும் சந்தேகம் வராதபடி பொதுவான படம். ரொம்ப யோசித்துச் செய்த டிசைன். 2014ல் முடிவு வெளியானது: இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. வைரஸ் கட்டுப்பாட்டிலும் இல்லை, மாத்திரை ஒழுங்கிலும் இல்லை.

இதற்கு நாலு வருஷம் முன்னால் கென்யாவில் 538 பேரிடம் இதேபோல ஒன்று நடந்தது. வாரம் ஒரே ஒரு எஸ்.எம்.எஸ்., சுவாஹிலியில் "மாம்போ?" அவ்வளவுதான். நம்ம ஊர் பாஷையில் "என்ன, எப்படி இருக்க?" மாத்திரை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நல்லா இருக்கேன் என்றோ, ஒரு பிரச்சனை என்றோ பதில் அனுப்ப வேண்டும். பிரச்சனை என்றாலோ, பதில் வராவிட்டாலோ, ஒரு நர்ஸ் திருப்பிக் கூப்பிடுவார். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் 50லிருந்து 62 சதவீதமாகக் கூடினார்கள். வைரஸ் கட்டுக்குள் வந்தவர்கள் 48க்குப் பதில் 57 சதவீதம்.

இரண்டு நாடு, இரண்டு சூழல், நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் நான் இதைப் படிக்கும் விதம் இதுதான்: மாத்திரையை நிறுத்துபவர் பெரும்பாலும் மறந்து நிறுத்துவதில்லை. விருந்தாளி வந்திருக்கிறார், டப்பாவை எடுக்க முடியவில்லை. குடித்த அன்று மாத்திரை போடக்கூடாதுன்னு யாரோ சொன்னார்கள். பொண்ணு பார்க்க வருகிறார்கள். ஊர்த் திருவிழாவுக்கு நாலு நாள் சொந்தக்காரர் வீடு. இதில் எதற்கும் அலாரம் தீர்வு ஆகாது. மறுமுனையில் பேச ஒரு ஆள் இருந்தால் ஆகலாம்.

தோற்ற ஆய்வுகளையும் மறைக்காமல் சொல்வது எனக்கு இந்தத் துறையில் பிடித்த விஷயம். சென்னைக் குடிசைப்பகுதி ஒயின் ஷாப்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. சீனா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வேயிலும் கூடவே நடந்த ஐந்து நாட்டு ஆய்வின் ஒரு பகுதி. ஐடியா சிம்பிள்: கூட்டத்தில் எல்லாரும் யார் பேச்சைக் கேட்பார்களோ அவர்களைக் கண்டுபிடித்துப் பயிற்சி கொடு, அவர்கள் பாதுகாப்பான உறவு பற்றி நண்பர்களிடம் பேசட்டும். 2010ல் முடிவு வந்தது. ஆபத்தான நடத்தை குறைந்திருந்தது. ஆனால் பயிற்சி நடந்த இடத்திலும் நடக்காத இடத்திலும் ஒரே மாதிரி. ஆய்வுக்காக இரு பிரிவுக்கும் டெஸ்ட், ஆலோசனை, சிகிச்சை எல்லாம் கிடைத்தது. அதுவே இரு பக்கமும் வேலை செய்திருக்கலாம். கன்ட்ரோல் குரூப் இல்லாமல் செய்திருந்தால் "மாபெரும் வெற்றி" என்று ரிப்போர்ட் எழுதி முடித்திருப்பார்கள்.

சரி, எது நிலைத்தது? கொல்கத்தா சோனாகாச்சியில் 1992ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய வேலை. அவர் பாலியல் தொழிலாளர்களையே சுகாதாரப் பணியாளர்களாக வைத்தார். ஆணுறை போடச் சொல்ல ஏன் முடியவில்லை என்று கேட்டபோது வந்த பதில்களில் போலீஸ் இருந்தது, வட்டிக்காரர் இருந்தார், பிள்ளையின் ஸ்கூல் இருந்தது. அதனால் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சேமிப்பும் சங்கமும் வந்தன. கையில் நாலு காசு இருந்தால்தான் ஆணுறை வேண்டாம் என்கிற வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப முடியும். 2003க்குப் பிறகு தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்த ஆவஹான் திட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத சகத் தொழிலாளர்களே படக்குறி போட்ட அட்டைகளை வைத்து, யாரை எப்போது பார்த்தோம், யாருக்கு என்ன தேவை என்று தங்கள் பகுதிக் கணக்கை நடத்தினார்கள். யூசர் இன்டர்ஃபேஸ் பாடத்துக்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் ஆர்.ஆர்.சி.க்கு ஒரு வேண்டுகோள். ரங்கோலியோடு, ஒரே ஒரு வகுப்பில் வாக்குச்சாவடி சர்வே நடத்திப் பாருங்கள். மூன்று அட்டைப்பெட்டி, பத்துக் கேள்வி. கொசு கடித்தால் வருமா என்பது வேண்டாம், அது குவிஸ்ஸுக்குப் போதும். "உன் ரூம்மேட்டுக்கு இருக்குன்னு தெரிஞ்சா அதே ரூம்ல இருப்பியா?" "டெஸ்ட் எடுக்கணும்னு தோணினா எங்க போகணும்னு தெரியுமா?" "போனா யாராவது பாத்துடுவாங்கன்னு பயமா?" இப்படிக் கேளுங்கள். பெயர் வேண்டாம், ரோல் நம்பர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம்.

முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை: 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவருக்குத் தொற்று இருக்கிறது என்பதற்காக வேலை, படிப்பு, வாடகை வீடு, சிகிச்சை எதையும் மறுக்க முடியாது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது. அவர் நிலையை அவர் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. அதில் ஹாஸ்டலும் வரும், காலேஜும் வரும். டெஸ்ட் எடுக்க அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போகலாம், இலவசம். டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். நேரில் போகும் முன் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் 1097. அதுவும் இலவசம்தான்.